டைமிங் பெல்ட் கோளாறு: மலை வண்டிகளில் அறிகுறி வைத்துக் கண்டுபிடிப்பதும் மாற்றுவதும்

மேட்டுப்பாளையத்தில் ஏற ஆரம்பித்தால் ஊட்டி வரை வண்டிக்கு இரண்டாம் கியரும் மூன்றாம் கியரும்தான் வேலை. ஒரு கிலோமீட்டர் ஓட ஐந்தாம் கியரில் என்ஜின் எத்தனை சுற்று சுற்றுமோ, இரண்டாம் கியரில் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் சுற்றும். டைமிங் பெல்ட் தேய்வது டயர் ஓடிய தூரத்தால் இல்லை, என்ஜின் சுற்றிய சுற்றால். அதனால் வண்டிப் புத்தகத்தில் 1,00,000 கி.மீ. என்று போட்டிருந்தாலும், மலையிலேயே ஓடுகிற டாக்சிக்கு 60,000–70,000 கி.மீ.யிலேயே பெல்ட் கவரைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. இது புத்தகக் கணக்கு அல்ல, பட்டறைக் கணக்கு. வருடக் கணக்கு தனி. ஓடாமல் ஷெட்டில் நின்றாலும் ரப்பருக்கு வயது ஏறும். கிலோமீட்டர், வருடம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு.

உங்கள் வண்டியில் இருப்பது பெல்ட்டா செயினா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். மாருதி 800, ஆம்னி, ஆல்ட்டோ 800, பழைய சான்ட்ரோ, இன்னோவா 2.5 டீசல், டஸ்டர் 1.5 டீசல், போலோ மற்றும் வென்ட்டோ 1.5 டீசல், ஈகோஸ்போர்ட் 1.5 டீசல் ஆகியவற்றில் பெல்ட். ஸ்விஃப்ட் 1.3 டீசல், கே சீரிஸ் பெட்ரோல் மாருதிகள், ஹூண்டாய் 1.2 கப்பா இவற்றில் செயின். பார்த்தே கண்டுபிடிக்கலாம்: என்ஜின் ஓரத்தில் பத்து எம்.எம். போல்ட் போட்ட பிளாஸ்டிக் கவர் இருந்தால் பெரும்பாலும் பெல்ட். அலுமினிய மூடியை சிலிக்கான் போட்டு ஒட்டியிருந்தால் செயின்.

கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) இரண்டு சுற்று சுற்றும்போது கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைப் பிடித்துவைப்பது மட்டும்தான் பெல்ட்டின் வேலை. கணக்குப் பிசகினால் திறந்திருக்கிற வால்வு மேல் பிஸ்டன் வந்து இடிக்கும். டீசலில் அநேகமாக எல்லாமே இப்படித்தான், பெட்ரோலிலும் நிறைய என்ஜின்கள் அப்படித்தான். இதில் ஒரு வம்பு என்னவென்றால், பெல்ட் தானாக வாய் திறந்து எதுவும் சொல்லாது. நேற்று வரை ஒழுங்காக ஓடி இன்று அறும். சத்தம் போடுவதும் கசிவதும் சூடாவதும் அதன் பக்கத்து வீட்டுக்காரர்கள்: டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளை) பேரிங், ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்டும் உருளை), வாட்டர் பம்ப், ஆயில் சீல். கீழே வருகிற அறிகுறிகளில் பெரும்பாலானவை அவர்கள் சொல்வதுதான். அவர்களைக் கவனிக்காமல் பெல்ட்டை மட்டும் மாற்றினால் புது பெல்ட்டும் அதே வழியில் போகும்.

“செல்ஃப் சுத்துதுங்க, வண்டி புடிக்க மாட்டேங்குது”

செல்ஃப் அடிக்கும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். நல்ல என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் அமுக்கம் வாங்கும்போது செல்ஃப் கொஞ்சம் திணறி விடும்: ர்ரும், ர்ரும், ர்ரும். பெல்ட் அறுந்திருந்தால் அந்தத் திணறல் இருக்காது. மிக்ஸி ஓடுவது போல ஒரே சீராக, வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றும். இந்தச் சத்தம் கேட்டால் இரண்டாம் தடவை சாவியைத் திருப்பாதீர்கள். ஒவ்வொரு சுற்றும் வளைந்த வால்வை இன்னும் வளைக்கும். தள்ளி ஸ்டார்ட் செய்வது, இறக்கத்தில் உருட்டி கிளச் விடுவது, இரண்டும் கூடவே கூடாது.

உறுதி செய்ய ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். பல என்ஜின்களில் கேமோ ராக்கரோ கண்ணுக்குத் தெரியும். வீல் பக்கமிருந்து கிராங்க் போல்ட்டில் சாக்கெட் போட்டு, என்ஜின் ஓடும் திசையில் கையால் மெதுவாகக் கொஞ்சம் திருப்புங்கள். எதிலாவது முட்டினால் அதோடு நிறுத்திவிடுங்கள். கிராங்க் திரும்பியும் கேம் அசையவில்லையென்றால் பெல்ட் போய்விட்டது. மேல் கவரைத் திறந்தால் பெல்ட் முழுசாகத் தெரிவதும் உண்டு. அதைப் பார்த்துவிட்டு பெல்ட் நல்லாத்தான் இருக்கிறது என்று பம்ப், வயரிங் என்று தேடப் போனால் அரை நாள் வீண். கீழே கிராங்க் புல்லி பிடிக்கிற இடத்தில் நாலைந்து பல் மொத்தமாக உதிர்ந்து, புல்லி மொட்டையில் சுற்றிக்கொண்டிருக்கும்.

அறுந்த பெல்ட்டைத் தூக்கி எறியாதீர்கள். முனை நூல் நூலாகப் பிரிந்து, முதுகில் வெடிப்பு ஓடியிருந்தால் வயதாகி அறுந்தது. கத்தி வைத்து வெட்டியது போல நேர்கோட்டில் அறுந்திருந்தால், போடும்போதோ அதற்கு முன்போ யாரோ அதை மடக்கியிருக்கிறார்கள். உள்ளே ஓடுகிற கண்ணாடி இழை மடங்கிய இடத்தில் அன்றே முறிந்திருக்கும், ரப்பர் மட்டும் சில ஆயிரம் கிலோமீட்டர் தாங்கியிருக்கும். பல் வரிசையாக உதிர்ந்திருந்தால் ஏதோ ஒன்று இறுகி நின்றிருக்கிறது. வாட்டர் பம்ப், ஐட்லர், கேம் ஒவ்வொன்றையும் கையால் சுற்றிப் பார்க்காமல் அடுத்த பெல்ட்டைப் போட வேண்டாம். ஓரம் மட்டும் தேய்ந்து இழை தொங்கினால் ஏதோ ஒரு புல்லி கோணலாக நிற்கிறது, பெரும்பாலும் டென்ஷனர் பேரிங்கின் ஆட்டம்தான் காரணம்.

வால்வு வளைந்ததா என்று தெரிய உடனே ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. கிராங்கைப் பிஸ்டன்கள் எல்லாம் பாதி வழியில் நிற்கும்படி வைத்துவிட்டுக் கேமைத் தனியே திருப்பலாம். நாலு சிலிண்டரில் முதல் பிஸ்டனை டாப் மார்க்கிலிருந்து (பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் அடையாளம்) 90 டிகிரி முன்னால் நிறுத்தினால் நாலும் நடுவழியில் நிற்கும். ஆல்ட்டோ, ஆம்னி போன்ற மூன்று சிலிண்டரில் இந்த 90 டிகிரிக் கணக்கு ஆகாது, ஏதாவது ஒரு பிஸ்டன் மேலே போய் நிற்கும். அதில் ஒரு பிஸ்டனை அடிமட்டத்தில் நிறுத்துங்கள், மற்ற இரண்டும் சமமாக இறங்கி நிற்கும். பிறகு ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பக்க வால்வும் மூடியிருக்கும்படி கேமைத் திருப்பி வைத்து, பிளக் ஓட்டையில், டீசலானால் குளோ பிளக் ஓட்டையில், காற்று கொடுங்கள். சைலன்சரில் உஸ்ஸென்று வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டர் பக்கம் வந்தால் இன்டேக் வால்வு. எல்லா சிலிண்டரும் காற்றைப் பிடித்தால் அதிர்ஷ்டம்தான், பெல்ட் செட் மாற்றினால் போதும்.

காட் ரோட்டில் இறங்கும்போதே அறுந்தால்? என்ஜின் நின்றதும் ஸ்டியரிங் கல்லாகிவிடும், பிரேக் பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிக்கான வாக்குவம்தான் மிச்சம். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி, பள்ளம் இல்லாத, மலைச்சுவர் இருக்கும் பக்கமாக ஒதுக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்குக் கல் அண்டை கொடுங்கள். கிளச்சை அழுத்திக்கொண்டால் வால்வுக்கு நல்லது. ஆனால் பிரேக் நிற்காது என்று தோன்றினால் வால்வு போகட்டும், கியரிலேயே விடுங்கள். அதற்குப் பிறகு வண்டியை இழுத்துப் போவதானால் நியூட்ரலில்தான்.

“திடீர்னு ஏத்தத்துல இழுக்கல”

திடீரென்று என்ற சொல்தான் இதில் முக்கியம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கால் பங்குக்குக் கிட்டத்தட்டக் குறைவு, டர்போ இல்லாத என்ஜினுக்கு இழுவையும் அந்த அளவுக்கே குறையும். கீழேயிருந்து வருகிற வண்டி குன்னூர் தாண்டியதும் சோம்பலாக ஏறினால் அது நோய் இல்லை. அதே வண்டி நேற்று ஏறிய அதே வளைவில் இன்று முதல் கியர் கேட்டால், காலையில் ஸ்டார்ட் ஆக இரண்டு மடங்கு நேரம் எடுத்தால், ஐடிலில் உதறினால், பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்க வாய்ப்பு உண்டு. கிராங்க் புல்லியில் 20 பல் என்றால் ஒரு பல் தாண்டினாலே 18 டிகிரி பிசகு. ஸ்கேனர் போட்டால் புது வண்டிகளில் கேமும் கிராங்கும் ஒத்துவரவில்லை என்று பி0016 காட்டும். சென்சார் வயர் பழுதானாலும் அதே கோட்தான் வரும், எனவே அந்தக் கோட் எண்ணை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டாம்.

பெட்ரோல் வண்டிக்கு வாக்குவம் கேஜ் இருந்தால் நல்ல சாட்சி. டைமிங் பின்தங்கினால் ஐடிலில் முள் ஆடாமல், ஆனால் வழக்கத்தைவிடக் கீழே நிற்கும். இங்கேதான் மலையில் தப்பு நடக்கும். சமவெளியில் கேஜில் 17 முதல் 21 அங்குலம் (பாதரசக் கணக்கு) என்பது நல்ல என்ஜினின் அளவு. ஆயிரம் அடிக்கு ஒரு அங்குலம் கழிக்க வேண்டும். ஊட்டியில் ஏழு அங்குலம், குன்னூரில் ஆறு அங்குலம் கழித்துவிட்டுப் பாருங்கள். கழிக்காமல் பார்த்தால் ஊட்டியில் இருக்கிற எல்லா வண்டிக்கும் டைமிங் போயிருக்கும்!

கடைசித் தீர்ப்பு டைமிங் மார்க்தான். கிராங்க் மார்க்கை வைத்துவிட்டுக் கேம் மார்க்கைப் பாருங்கள். ஒரு பல் தள்ளி நின்றால், அதை மறுபடி ஏற்றி வைத்துவிட்டு மூடிவிட வேண்டாம். நல்ல டென்ஷனர் இருக்கும்போது பெல்ட் பல் தாண்டாது. டென்ஷனர் தளர்ந்திருக்கிறது, அல்லது பெல்ட்டில் ஆயில் பட்டு வழுக்குகிறது, அல்லது என்ஜின் பின்பக்கமாகச் சுற்றியிருக்கிறது.

கடைசியாகச் சொன்னது மலை ஊருக்கே உரிய கோளாறு. வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்தி, ஃபர்ஸ்ட் கியரில் விட்டு, ஹேண்ட் பிரேக்கைப் பாதி இழுத்துவிட்டுப் போவது இங்கே வழக்கம். ராத்திரி முழுக்க வண்டி அங்குலம் அங்குலமாகப் பின்னால் சாயும்போது கிராங்க் பின்பக்கமாகத் திரும்பப் பார்க்கும். ஓடும்போது டென்ஷனர் இருக்கிற பக்கம் பெல்ட் தளர்ந்த பக்கம், பின்பக்கம் திரும்பும்போது முழு இழுவையும் அந்தப் பக்கம் விழும். தளர்ந்த டென்ஷனர் ஒதுங்கிக் கொடுக்கும், பெல்ட் பல்லை விட்டு எழும்பும். மூக்கைச் சரிவில் வைத்து ரிவர்ஸ் கியரில் விட்டாலும் இதே கதைதான். கியரில் விடுவது தப்பில்லை. ஆனால் முதலில் ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்து, டயருக்குக் கல் வைத்து, வண்டி அதில் சாய்ந்து நின்ற பிறகு கியர் போடுங்கள். வண்டியின் பாரம் கல்லில் நிற்க வேண்டும், கிராங்கில் நிற்கக் கூடாது.

“முன்னாடி பக்கம் உய்ங்குனு சத்தம்”

பனிக்காலக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்தி, ஒரு நிமிடத்தில் அடங்கினால் அது ஃபேன் பெல்ட். பனி ஈரம் காய்ந்ததும் அடங்கிவிடும். பல் வைத்த டைமிங் பெல்ட் வழுக்கிக் கத்தாது.

சத்தம் அடங்காமல், ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்க ஏறினால், ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு என்ஜினை 20 முதல் 30 வினாடி மட்டும் ஓட்டிப் பாருங்கள். அதற்கு மேல் வேண்டாம், சில வண்டிகளில் வாட்டர் பம்ப்பும் அந்த பெல்ட்டில்தான் ஓடுகிறது. சத்தம் நின்றால் ஆல்டர்னேட்டர், ஏ.சி., அல்லது அந்த வாட்டர் பம்ப். நிற்காவிட்டால் டைமிங் கவருக்குள் இருக்கிறது. நீள ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையைக் கவர் போல்ட்டுகளில் ஒவ்வொன்றாக வைத்துக் கேட்டால் எந்த மூலை என்று தெரிந்துவிடும். சுற்றுகிற எதற்கும் பக்கத்தில் முனையைக் கொண்டுபோகாதீர்கள்.

மணல் அரைப்பது போன்ற கரகரப்பு என்றால் பேரிங்கில் கிரீஸ் போய்விட்டது. டப் டப் என்று பிளாஸ்டிக்கில் தட்டும் சத்தம், முக்கியமாக என்ஜினை ஆஃப் செய்யும் அந்த நொடியில் கேட்டால், பெல்ட் தளர்ந்து கவரில் அடிக்கிறது. இந்த வண்டியை அன்றே நிறுத்திவிடுங்கள். புது பெல்ட் போட்ட பிறகு புதிதாக ஊளைச் சத்தம் வந்தால் அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். சத்தம்தானே என்று விடக்கூடாது, வாட்டர் பம்ப் பேரிங்கும் கேம் பேரிங்கும் அந்த இறுக்கத்துக்குப் பலியாகும்.

“என்ஜின் ஓரத்துல ஆயில் ஈரம்”

கேம் சீலோ கிராங்க் சீலோ கசிந்தால் ஆயில் பெல்ட்டில் படும். ரப்பர் ஆயிலைக் குடித்து ஊதும், பல்லின் வேர் மிருதுவாகும், பிறகு உதிரும். பெட்ரோல் போட்டுத் துடைத்தால் சரியாகிவிடும் என்பது பொய். பெட்ரோல் இன்னும் கெடுக்கும். ஆயில் குடித்த பெல்ட், போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

சீல் ஏன் கசிந்தது? வயசு ஒரு காரணம். ஊட்டி, கோத்தகிரி பக்கம் இன்னொரு காரணம் அடிக்கடி அகப்படும். வீட்டிலிருந்து மார்க்கெட், பள்ளிக்கூடம் என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடுகிற வண்டியில் குளிருக்கு என்ஜின் முழுச் சூட்டுக்கே வராது. உள்ளே ஈரம் ஆவியாகாமல் ஆயிலோடு கலந்து, ஆயில் மூடிக்கு உட்பக்கம் வெண்ணெய் தடவியது போல வெளிர் மஞ்சளாகப் படியும். அந்தக் கூழ் பி.சி.வி. வால்வையும் (என்ஜினுக்குள் சேரும் அமுக்கத்தை வெளியே விடும் வால்வு) அதன் ஹோஸையும் அடைக்கும். உள்ளே அமுக்கம் வெளியேற வழியில்லாமல் சீலைத் தள்ளும். பெட்ரோல் வண்டியில் சோதனை எளிது: சூடான என்ஜின் ஐடிலில் ஓட, ஆயில் மூடியைத் திறந்து ஓட்டையின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை வையுங்கள். லேசாக உள்ளே இழுத்துக்கொண்டால் சரி. எகிறிப் பறந்தால் பி.சி.வி. வழியைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் சீல் மாற்ற வேண்டும். சுத்தம் செய்தும் ஊதினால் பிஸ்டன் ரிங் பக்கம் பார்க்க வேண்டும், அது வேறு வேலை. குறுகிய ஓட்ட வண்டியை வாரத்துக்கு ஒரு தடவையாவது அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் அந்தக் கூழ் சேராது.

“தண்ணி குறையுது, ஏத்தத்துல சூடாகுது”

பல என்ஜின்களில் வாட்டர் பம்ப்பை ஓட்டுவதே டைமிங் பெல்ட்தான். பம்ப்பின் உடம்பில் சின்னதாக ஒரு கசிவு ஓட்டை வைத்திருப்பார்கள், சீல் போனால் முதலில் அங்கேதான் ஈரம் தெரியும். காய்ந்த பிறகு வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்தது போல இருக்கும். கவரின் அடி ஓரத்தில் அந்தத் தடம் இருந்தால் பம்ப்புக்கு நாள் எண்ணிக்கொள்ளலாம். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டும் வண்டிகளில் துரு பம்ப் சீலைச் சீக்கிரமே தின்னும். உயரத்தில் இன்னொரு கணக்கும் உண்டு: ஊட்டியில் திறந்த பாத்திரத் தண்ணீர் 92–93 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி அமுக்கத்தைப் பிடிக்காவிட்டால் பம்ப் நன்றாக இருந்தாலும் கொதித்துவிடும். பம்ப்பைக் குற்றம் சொல்வதற்கு முன் மூடியை மாற்றிப் பாருங்கள்.

“டி-பெல்ட் லைட் எரியுது”

இன்னோவா டீசலில் வரும் இந்த விளக்குக்கும் பெல்ட்டின் உடல்நலத்துக்கும் சம்பந்தமில்லை. அது கிலோமீட்டர் எண்ணும் மணி மட்டும். பழைய வண்டி வாங்கியவர்கள் கவனிக்க வேண்டியது: விளக்கு எரியவில்லை என்பதால் பெல்ட் மாற்றியாயிற்று என்று அர்த்தமில்லை. மாற்றாமலே விளக்கை மட்டும் அணைத்திருக்கலாம். பில்லோ, பானெட்டுக்கு அடியில் தேதி எழுதிய ஸ்டிக்கரோ இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

திறந்து பார்ப்பது

என்ஜின் ஆறிய பிறகு மேல் கவரின் மூன்று நாலு போல்ட்டைக் கழற்றினால் கேம் புல்லியும் பெல்ட்டின் ஒரு முழமும் தெரியும். அந்த ஒரு முழத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, கிராங்க் போல்ட்டில் சாக்கெட் போட்டு, ஓடும் திசையிலேயே மெல்லச் சுற்றி, பெல்ட்டின் முழு நீளத்தையும் டார்ச் முன்னால் கொண்டுவாருங்கள். முதுகைக் கட்டைவிரலால் கொஞ்சம் வளைத்தால் தலைமுடி போன்ற வெடிப்புகள் விரியும். முதுகு கண்ணாடி போலப் பளபளத்து, நகம் பதியாவிட்டால் ரப்பர் வெந்து கெட்டியாகிவிட்டது. பல் பக்கத்தில் நைலான் துணி தேய்ந்து அடியில் ரப்பர் தெரிகிறதா, பல்லின் வேரில் கோடு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கவருக்குள் ஓரங்களில் கறுப்பு மாவு கொஞ்சம் படிவது இயல்பு. ஒரு ஸ்பூன் அளவுக்கு இருந்தால் இயல்பில்லை.

வெடிப்பே இல்லாத பெல்ட்டையும் கெடு தாண்டியிருந்தால் மாற்றுங்கள். இப்போதைய ரப்பர் பழையது போல வெளியே வெடித்துக் காட்டுவதில்லை, இழை உள்ளுக்குள் களைத்துப்போகும்.

கீழ்க் கவர் இருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். ஒரு தடவை பெல்ட் மாற்றிய வண்டிகளில் இது காணாமல் போயிருப்பதைச் சகஜமாகப் பார்க்கலாம். கிராங்க் புல்லியைக் கழற்றினால்தான் மாட்ட முடியும் என்பதால் சோம்பலில் விட்டுவிடுவார்கள். பிறகு கூடலூர், தேவாலா பக்கத்து மழையில் செம்மண் அங்கே நேராக அடிக்கும், சைப்ரஸ் சருகும் கற்பூர மர இலையும் புல்லிக்கு இடையில் சிக்கும். குளிருக்கு என்ஜின் சூட்டைத் தேடி வருகிற எலிக்கும் அதுதான் வாசல். பெல்ட் ஓரத்தில் அரை வட்டமாகக் கடித்த தடம் இருந்தால் கோணல் புல்லியைத் தேடி அலைய வேண்டாம்.

மாற்றுவது

வாங்கும்போது பெல்ட்டை மட்டும் வாங்காமல் செட்டாக வாங்குங்கள்: பெல்ட், டென்ஷனர், ஐட்லர். பம்ப் டைமிங் பெல்ட்டில் ஓடும் வண்டியானால் அதையும் கேஸ்கெட்டையும் சேர்க்க வேண்டும். கேம் சீல், கிராங்க் முன் சீல், கூலன்ட், புத்தகம் சொன்னால் புது கிராங்க் போல்ட். எல்லாம் கைக்கு வந்த பிறகு வண்டியைப் பிரியுங்கள். என்ஜின் எண்ணைச் சொல்லி வாங்கினாலும், பழைய பெல்ட்டோடு பல் எண்ணிக்கை, அகலம், பல்லின் வடிவம் மூன்றையும் ஒத்துப் பாருங்கள். சதுரப் பல்லும் உருண்டைப் பல்லும் தூரத்திலிருந்து ஒன்று போலத்தான் தெரியும். கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிற பார்சலில் ரப்பர் பேண்ட் போட்டு மடித்து அனுப்பியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். உள்ளங்கை அகலத்துக்குக் குறைவாக வளைக்கவோ, உட்புறம் வெளியாகப் புரட்டவோ கூடாது.

இங்கே சமதளம் கிடைப்பதே பாதி வேலை. சரிவில் செய்ய வேண்டாம். நியூட்ரல், ஹேண்ட் பிரேக், பின்சக்கரங்கள் இரண்டுக்கும் இரு பக்கமும் கல். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். கிராங்க் போல்ட் இளகும் வரை மட்டும் கியர் தேவைப்படும்: ஐந்தாம் கியர் போட்டு, ஒருவர் பிரேக்கை மிதிக்க, நீளப் பிடியில் ஒரே வெட்டாக இளக்க வேண்டும். டைமிங் பெல்ட்டின் பிடிமானத்தில் போல்ட்டை இளக்குவதும், ஸ்பேனரைச் சேஸில் முட்டுக்கொடுத்து செல்ஃப் அடிப்பதும் பார்க்கச் சுலபமாக இருக்கும். முன்னது பல்லைக் கிழிக்கும், பின்னது கையை உடைக்கும். இளகியதும் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பெல்ட் இல்லாத நேரத்தில் வண்டி கியரில் ஒரு அடி நகர்ந்தாலும் கிராங்க் திரும்பும்.

வலது முன்சக்கரம், அதன் உள் பிளாஸ்டிக், ஃபேன் பெல்ட்டுகள். குறுக்காக உட்கார்ந்த என்ஜினில் மவுண்ட்டையும் கழற்ற வேண்டியிருக்கும்: ஆயில் சம்ப்புக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுத்து, மவுண்ட்டின் பாரம் விடுகிற அளவுக்கு மட்டும் தூக்குங்கள்.

பழைய பெல்ட் மேலேயே இருக்கும்போது கிராங்கை முதல் சிலிண்டர் டாப் மார்க்குக்குக் கொண்டுவாருங்கள். கேம் மார்க்கும் நேராக நிற்க வேண்டும். கிராங்க் மார்க் நேராக இருந்து கேம் மார்க் எதிர்ப்பக்கம் நின்றால் பயப்பட ஒன்றுமில்லை, இன்னொரு சுற்று சுற்றுங்கள். மார்க் நின்ற நிலையில் வெள்ளை பெயின்ட்டால் புல்லியிலும் பின்னால் உள்ள உடம்பிலும் ஒரு கோடு இழுங்கள், செல்போனில் நாலு படம் எடுங்கள். ஐரோப்பிய டீசல்கள் பலவற்றில் கேமையும் கிராங்கையும் பின் (பூட்டும் கம்பி) போட்டுப் பூட்டித்தான் வேலை செய்ய வேண்டும். சிலவற்றில் புல்லி, தண்டோடு பூட்டும் சாவித் துண்டே இல்லாமல் போல்ட்டின் இறுக்கத்தில் மட்டும் நிற்கும். பெயின்ட் கோட்டை நம்பி அவற்றைத் தொடாதீர்கள், பின் செட் இல்லாத பட்டறை அந்த வேலையை எடுக்கக்கூடாது.

டென்ஷனரை இளக்கி பெல்ட்டை வெளியே எடுங்கள். எடுக்கும் நொடியில் வால்வு ஸ்பிரிங் தள்ளி, கேம் சட்டென்று துள்ளக்கூடும். ஒரு கையில் ஸ்பேனரால் பிடித்துக்கொண்டே எடுங்கள்.

சீல் மாற்றும்போது பழைய சீல் எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருந்தது என்று அளந்துகொள்ளுங்கள். நெம்பி எடுக்கையில் ஷாஃப்ட்டில் கீறல் விழுந்தால் புது சீலும் அந்தக் கீறல் வழியே கசியும். புதிதின் உதட்டில் ஆயில் தடவி, அதே விட்டமுள்ள சாக்கெட்டை வைத்து நாலாபக்கமும் சமமாகத் தட்டி இறக்குங்கள். புல்லிகளை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். கையில் கிரீஸோடு புது பெல்ட்டைத் தொடாதீர்கள்.

ஹைட்ராலிக் டென்ஷனரை மறுபடி போடுவதானால், நிமிர்த்தி வைத்து, வைஸில் சில நிமிடங்கள் எடுத்து மெதுவாக அமுக்கி, ஓட்டைகள் நேராக வந்ததும் பின் செருகுங்கள். அவசரப்பட்டு அமுக்கினால் உள் சீல் கிழியும். கை அமுக்கத்துக்கே உள்ளே போகிற டென்ஷனர் செத்த டென்ஷனர்.

பெல்ட்டில் அம்பு இருந்தால் அது ஓடும் திசை. கிராங்கில் தொடங்குங்கள். டென்ஷனர் இல்லாத பக்கத்தை விறைப்பாக வைத்துக்கொண்டே ஐட்லர், கேம், பம்ப் என்று வந்து, தளர்ச்சி முழுவதும் டென்ஷனர் பக்கம் சேரும்படி கடைசியாக அங்கே ஏற்றுங்கள். ஏறவில்லை என்று ஸ்க்ரூ டிரைவர் வைத்து நெம்பினால் அன்றே அந்த பெல்ட் பாதி செத்தது. டென்ஷனரை விடுவித்து, கிராங்கை ஓடும் திசையில் கையால் சரியாக இரண்டு சுற்று சுற்றி மறுபடி மார்க்குக்கு வாருங்கள். எங்காவது கல்லில் முட்டியது போல நின்றால் அழுத்தாதீர்கள், வால்வு பிஸ்டனைத் தொடுகிறது. கழற்றி மார்க்கை மறுபடி வையுங்கள். இரண்டு சுற்றுக்குப் பிறகு புல்லி மார்க்குகள் நேராக நிற்க வேண்டும், அதுதான் கணக்கு. பெல்ட் மேலும் பெயின்ட் கோடு போட்டிருந்தால் அது வேறெங்கோ போயிருக்கும். அதைப் பார்த்துத் தப்பாகிவிட்டதென்று பதறிக் கழற்றியவர்கள் உண்டு. பெல்ட்டின் பல் எண்ணிக்கையும் புல்லியின் பல் எண்ணிக்கையும் வேறு என்பதால் அது அப்படித்தான் நகரும்.

டென்ஷனரில் முள் இருந்தால் அதன் அடையாளத்துக்கு வைக்க வேண்டும். பழைய ஸ்பிரிங் வகையில் நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் திருகினால் 90 டிகிரி வரை, கொஞ்சம் சிரமப்பட்டு, திரும்ப வேண்டும். தாராளமாகத் தாண்டினால் தளர்வு, பாதியிலேயே நின்றால் இறுக்கம். என்ஜின் ஆறியிருக்கும்போது மட்டுமே இந்த அளவு செல்லும். போல்ட்டுகளுக்கு டார்க் ரென்ச், அளவு உங்கள் என்ஜினுக்கான புத்தகத்தில். கீழ்க் கவரை மாட்டிவிட்டுத்தான் கிராங்க் புல்லி.

மாற்றிய பிறகு

ஸ்டார்ட் ஆனதும் உதறினால், புகைந்தால், செக் என்ஜின் விளக்கு எரிந்தால் உடனே ஆஃப் செய்து மார்க்கைப் பாருங்கள். ஒரு பல் பிசகியிருக்கலாம். ஓட ஓடச் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மார்க் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் கிராங்க் சென்சாரின் வயர் கவர் போல்ட்டுக்குள் நசுங்கியிருக்கிறதா, பிளக் சரியாகச் சொருகியிருக்கிறதா என்று பாருங்கள். ஹீட்டரில் சூடு வராமல் என்ஜின் சூட்டைக் காட்டும் முள் மேலே போனால் பம்ப் மாற்றியபோது கூலன்ட்டில் காற்று தங்கியிருக்கிறது. வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்தி, ஆறிய என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து நிரப்பி, ஃபேன் ஓடும் வரை ஐடிலில் விடுங்கள். இந்த ஊரில் அதற்கு மேடு தேட வேண்டியதில்லை.

முதல் ஓட்டம் சமதளமான தெருவில் பத்து நிமிடம். ஆஃப் செய்யும்போது கவருக்குள் தட்டுச் சத்தம் இல்லையென்றால் காட் ரோட்டுக்கு விடலாம். 500 கி.மீ. கழித்து மேல் கவரை ஒரு தடவை திறந்து ஓரத் தேய்மானமும் ஆயில் ஈரமும் பார்த்துவிட்டு, தேதியையும் கிலோமீட்டரையும் அழியாத பேனாவால் பானெட் அடியில் எழுதிவிடுங்கள்.